கலர் நிக்குமா?

"கலர் நிக்குமாங்க?"

அலங்கார மீன் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் விலையைக் கேட்பதற்கு முன்பே இதைத்தான் கேட்கிறார்கள். துணிக்கடையில் கேட்கிற அதே கேள்வி. துணிக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம், மீனுக்கு அப்படி முடியாது. சில நிறம் மீன் சாகும்வரை நிற்கும். சில நிறம் இரண்டே மாதத்தில் வெளுத்துவிடும். சில நிறம் அந்த மீனிடம் நிற்கும், ஆனால் அதன் குஞ்சுகளில் வராது. பொழுதுபோக்குக்கு ஒரு மீன் வாங்கித் தொட்டியில் விடுகிறவருக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லை. தாய்மீன் வாங்கிக் குஞ்சு எடுத்து விற்க நினைக்கிற விவசாயிக்குத்தான் இது பணப் பிரச்னை.

செஞ்சிக்கு மேற்கே, கோட்டை மலைகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எனக்கு நிலம். மானாவாரியில் மல்லாட்டை, கிணற்றுப் பாசனத்தில் நெல். கிணற்று மேட்டில் எட்டு சிமென்ட் தொட்டிகள் கட்டி மோலி, கப்பி, கோல்டு ஃபிஷ், கொஞ்சம் ஃபைட்டர் வளர்க்கிறேன். பாறைப் பூமி என்பதால் எங்கள் தண்ணீரில் கடினத்தன்மை அதிகம். மோலிக்கும் கப்பிக்கும் அது ஒத்துப்போகிறது. மீன் வருமானம் நெல்லை மிஞ்சாது என்றாலும், மழை பொய்த்த வருடங்களில் கைச்செலவுக்கு உதவியிருக்கிறது.

போன தை அறுவடை முடிந்த கையோடு என் அக்கா மகன் வந்தான். சென்னையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பியவன். செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். 'கோய் ஃபைட்டர்' என்று விற்கிறார்களே, அந்த வகை. வெள்ளை உடம்பில் சிவப்பும் கறுப்பும் திட்டுத் திட்டாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"மாமா, ஜோடி ஆறாயிரம் சொல்றாங்க. அஞ்சு ஜோடி எடுத்தா முப்பதாயிரம். ஒரு ஜோடிக்கு நூறு குஞ்சு தேறினாலே போதும். ஒண்ணு முந்நூறுன்னு போட்டாக்கூட ஒன்றரை லட்சம்."

"முப்பதாயிரத்துக்கு எங்க போவ?"

"அம்மா சங்கிலிய வெச்சுக்கலாம்னு சொல்லிடுச்சு மாமா."

அக்காவிடம் இருப்பது அந்த ஒரு சங்கிலிதான்.

"மாப்ள, எல்லாக் குஞ்சும் இந்தப் படத்துல இருக்கிற மாதிரியே வரும்னு யாரு சொன்னது?"

"தாய் தகப்பன் மாதிரிதான மாமா வரும்?"

அவனை உட்காரவைத்து, தொட்டி தொட்டியாக மீன்களைக் காட்டிப் பேசிய விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். முப்பதாயிரம் ரூபாய் தாய்மீனில் போடலாமா என்று யோசிக்கிற எல்லோருக்கும் இது பொருந்தும்.

நிறம் எங்கே இருக்கிறது?

மீனின் தோலில் நிறத்துக்கென்றே தனித்தனிச் செல்கள் இருக்கின்றன. கறுப்புக்கு ஒரு வகை, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் வேறு வகை. வெள்ளி மினுமினுப்பும் நீலமும் தருவது இன்னொரு வகை. அதில் சாயம் எதுவும் கிடையாது. கண்ணாடித் துகள் போன்ற நுண்ணிய படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருகிற நிறம் அது. இந்தச் செல்கள் எத்தனை உருவாகும், எங்கே தங்கும், எப்போது சாகும் என்பதை மரபணு தீர்மானிக்கிறது. அதில் ஏற்படுகிற மாற்றத்தைத்தான் சடுதி மாற்றம் என்கிறோம்.

மரபணு ஒரு பக்கம் இருக்க, தினசரி மாற்றமும் உண்டு. கறுப்புச் செல்லுக்குள் இருக்கும் நிறத்துகள் பரவினால் மீன் கறுத்துத் தெரியும், ஒரே இடத்தில் சுருங்கினால் வெளுத்துத் தெரியும். கருப்புத் தொட்டியில் இருக்கும் மீனை வெள்ளை மக்கில் அள்ளி வைத்தால் சிறிது நேரத்தில் வெளுப்பதைப் பார்க்கலாம். பயந்தாலும் இப்படி நடக்கும். இது மாற்றமே இல்லை, திரும்ப விட்டால் பழைய நிறம் வந்துவிடும்.

வயதோடு மாறுகிற நிறம்

கோல்டு ஃபிஷ் குஞ்சுகளை முதன்முதலில் வளர்க்கிறவர்கள், "நாட்டுக் கெண்டைக் குஞ்சைக் கொடுத்து ஏமாத்திட்டாங்க" என்று சண்டைக்கு வருவதுண்டு. குஞ்சாக இருக்கும்போது அது பாசிப்பச்சையும் பழுப்புமாகத்தான் இருக்கும். சில மாதங்களில் கறுப்புச் செல்கள் மடிய, அடியில் இருக்கும் ஆரஞ்சு நிறம் வெளியே தெரியவரும். வெதுவெதுப்பான தண்ணீரில் இந்த மாற்றம் சீக்கிரம் நடக்கிறது. சில குஞ்சுகள் கடைசிவரை மாறாமலே இருந்துவிடும். ஆரஞ்சாக மாறிய மீன்கள் சில பிறகு வெள்ளையாகப் போவதும் உண்டு. கறுப்பு நிறக் கோல்டு ஃபிஷ்ஷான பிளாக் மூர் வயதாக ஆக வயிற்றுப் பக்கத்திலிருந்து பித்தளை நிறத்துக்கோ ஆரஞ்சுக்கோ போவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இதெல்லாம் நோய் இல்லை, நம்மைப் போலவே மீனுக்கும் தலை நரைக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மத்திய அமெரிக்காவில் நிகரகுவா நாட்டு ஏரிகளில் மைடாஸ் என்றொரு மீன் இருக்கிறது. எல்லாக் குஞ்சும் சாம்பல் நிறத்தில் கறுப்புப் பட்டையோடுதான் பிறக்கும். பெரும்பாலானவை அப்படியே வாழ்ந்து முடிக்கும். ஒரு சிறு பங்கு மட்டும் வளர்ந்த பிறகு கறுப்பை இழந்து தங்க நிறமாகும். இதற்கான மரபணு மாற்றத்தை 2022-ல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அடங்கிய குழு கண்டறிந்தது. அந்த மரபணுவுக்கு 'கோல்டன்டச்' என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர்க் கடைகளில் விற்கிற ஃபிளவர்ஹார்ன் மீனிலும் 'ஃபேடர்' என்ற வகை இதே போலத்தான் கறுப்பை உதிர்த்துச் சிவக்கும்.

இந்த வகை மாற்றத்தில் மரபணு மாறுவதில்லை. பிறக்கும்போதே உள்ளே எழுதியிருந்தது வயது வந்தபோது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். அதனால் இரண்டு மாதக் குஞ்சைப் பார்த்து அதன் கடைசி நிறத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

புது நிறம் என்று ஏமாற வேண்டாத நிறங்கள்

ஆரஞ்சு கோல்டு ஃபிஷ்ஷில் திடீரென்று கறுப்புத் திட்டு வந்தால் 'அபூர்வ வகை' என்று சந்தோஷப்படுகிறார்கள். முதலில் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். கழிவு சேர்ந்து அம்மோனியா ஏறியிருந்தால் தோல் வெந்து, அது ஆறுகிற இடத்தில் கறுப்பு படியும். தண்ணீரைச் சரிசெய்த பிறகு சில வாரங்களில் அந்தக் கறுப்பு மறைந்துவிடும். மாடு சூடு பட்ட இடத்தில் தோல் வேறு நிறமாவது போலத்தான் இதுவும்.

அடுத்தது ஊசி போட்ட நிறம். நம் நாட்டு நன்னீரில் கண்ணாடி மீன் என்று ஒரு சின்ன மீன் உண்டு. உடம்புக்குள் எலும்பே தெரியும். அதற்குள் ஊசியால் சாயத்தை ஏற்றி, பச்சை, ரோஸ், மஞ்சள் என்று விற்கிற வழக்கம் பல நாடுகளில் இருந்தது. மீனுக்கு அது பெரும் வதை. சாயமும் சில மாதங்களில் மங்கிவிடும். இயற்கையில் இல்லாத மினுமினு நிறம், எல்லா மீனிலும் ஒரே இடத்தில் ஒரே அளவில் கோடு போட்டது போல இருந்தால் வாங்காதீர்கள்.

மூன்றாவது தீவன நிறம். மஞ்சள், சிவப்பு நிறத்துக்கான கரோட்டின் வகைச் சத்தை மீனால் தானே தயாரிக்க முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஸ்பைருலினா, துலுக்கச் சாமந்தி இதழ்ப் பொடி, இறால் ஓடு கலந்த தீவனம் கொடுத்தால் சிவப்பு கூடும். நிறுத்தினால் மெல்ல மங்கும். இது ஏமாற்று இல்லை, நல்ல பராமரிப்புதான். ஆனால் விற்கிறவர் என்ன தீவனம் போட்டார் என்று கேட்டு, அதையே தொடர வேண்டும்.

நான்காவதுதான் குஞ்சு எடுக்கிறவர்களுக்கு ஆபத்தானது. ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்தால் இளம் மீன்களும், நிறமே இல்லாத பெண் கப்பிகளும்கூடப் பளிச்சென்று நிறம் ஏறும். நிறுத்தியதும் நிறம் இறங்கும். அதைவிட மோசம், அந்தப் பெண் மீன்கள் இனப்பெருக்கத்துக்கு லாயக்கில்லாமல் போகலாம். வயதுக்கு மீறிய நிறத்தோடு ஒரு தொட்டி முழுக்கக் குட்டிகள் மின்னினால் சந்தேகப்படுங்கள்.

தாவுகிற மரபணு

இப்போது என் அக்கா மகன் காட்டிய ஃபைட்டருக்கு வருவோம். திட்டுத் திட்டான இந்த வகையை 'மார்பிள்' என்பார்கள். கோய் ஃபைட்டர் அதன் ஒரு பிரிவு. வெள்ளையாக இருந்த இடம் நீலமாகும், நீலம் சிவப்பாகும், போன மாதம் இருந்த திட்டு இந்த மாதம் இருக்காது. இதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது தாவும் மரபணு. மரபணுத் தொகுப்புக்குள் ஓர் இடத்திலிருந்து பெயர்ந்து இன்னோர் இடத்தில் போய் உட்காரும் துண்டு அது. நிறத்துக்கான மரபணுவில் போய் உட்கார்ந்தால் நிறம் நின்றுவிடும், எழுந்து போனால் மறுபடி வரும். ஒரே மீனின் உடம்பில் ஒரு செல்லில் உட்கார்ந்தும் பக்கத்துச் செல்லில் எழுந்தும் இருப்பதால்தான் திட்டுத் திட்டாகத் தெரிகிறது.

இதை முதலில் கண்டுபிடித்தது மீனில் இல்லை, மக்காச்சோளத்தில். அமெரிக்காவின் பார்பரா மெக்ளின்டாக் என்ற பெண் விஞ்ஞானி, ஒரே கதிரில் சில மணிகள் புள்ளி புள்ளியாக இருப்பது ஏன் என்று 1940-களில் ஆராய்ந்து இதைச் சொன்னார். பல காலம் பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1983-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

"அப்ப இந்த மீன் பொய்யா மாமா?" என்று கேட்டான்.

"மீன் நெசந்தான். படந்தான் நிக்காது. நீ குடுக்கிற ஆறாயிரம் இன்னிக்கு இருக்கிற படத்துக்கு."

குஞ்சுக்கு வருமா?

நிறம் நிலைக்கிறதா என்பதற்கு இரண்டு அளவு உண்டு. ஒரு மீனின் ஆயுளில் நிற்பது ஒன்று. தலைமுறை தாண்டி நிற்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றல்ல.

அல்பினோவை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு நிறமே தயாரிக்க முடியாத மீன், கண் சிவப்பாக இருக்கும். ஆயுள் முழுக்க அது மாறாது. ஆனால் ஒரு அல்பினோவைச் சாதாரண மீனோடு சேர்த்தால், பொதுவாக முதல் தலைமுறையில் ஒரு குஞ்சுகூட அல்பினோவாக வராது. அந்தக் குஞ்சுகளை அவற்றுக்குள்ளேயே சேர்த்தால் நூற்றுக்குச் சுமார் 25 வரும். வீரிய ஒட்டு விதையில் விளைந்ததை எடுத்து மறுபடி விதைத்தால் பயிர் பலவிதமாகப் பிரிவதைப் பார்த்திருக்கிறோமே, அதே கணக்கு.

விதைப் பண்ணை வைத்தவர்களுக்குக் கலவன் எடுப்பது தெரியும். ஒரு வயலில் ஓரிரு செடி வேறு மாதிரி நின்றால் அதைப் பிடுங்கிப் போடுகிறோம். யாராவது ஒருவர் அந்த ஒரு செடியைப் பிடுங்காமல் தனியே விதைத்து, அடுத்த போகத்தில் அதே குணம் வருகிறதைத் தேர்ந்தெடுத்து, இப்படிப் பல போகம் செய்தால் அது ரகமாகும். முதல் நாள் நின்ற ஒற்றைச் செடி ரகம் ஆகாது.

ஜப்பானின் கோய் கெண்டை இப்படி உருவானதுதான். நீகாட்டா பகுதியின் மலைக் கிராமங்களில் நெல் விவசாயிகள் சாப்பாட்டுக்காகக் கெண்டை வளர்த்தார்கள். 1800-களில் அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பு, வெள்ளை கலந்த மீன்கள் தென்பட்டன. அவற்றைச் சமைக்காமல் ஒதுக்கி, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தார்கள். 1914-ல் டோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குப் பிறகுதான் நாடு முழுக்கத் தெரிந்தது. இத்தனை காலம் ஆகியும் இன்றைக்கும் ஒரு ஜோடி கோய் தருகிற ஆயிரக்கணக்கான குஞ்சுகளில் பெரும்பகுதியைத் தரம் பிரிக்கும்போதே கழித்துவிடுகிறார்கள். பல தடவை பிரிக்கிறார்கள். விலை உயர்ந்த கோய் மீனின் விலையில் அந்தக் கழிவின் செலவும் சேர்ந்துதான் இருக்கிறது.

தேர்ந்தெடுப்பதை நிறுத்தினால் என்ன ஆகும்? குளத்திலும் ஏரியிலும் தப்பிப் பெருகிய கோல்டு ஃபிஷ் கூட்டத்தில் பாசிப்பச்சை நிற மீன்கள் கூடிவிடும். பளிச்சென்ற மீன் கொக்குக்கும் மீன்கொத்திக்கும் முதலில் தெரிகிறது. கப்பியில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஜான் எண்ட்லர் என்ற ஆய்வாளர் 1970-களில் டிரினிடாட் தீவில், பெரிய மீன்களுக்குப் பயந்து வாழ்ந்த கப்பிகளை அந்தத் தொல்லை குறைந்த ஓடைக்கு மாற்றினார். சுமார் இரண்டே ஆண்டில் அவற்றின் வழிவந்த ஆண் கப்பிகள் கூடுதல் புள்ளியோடு பளிச்சென்று ஆகிவிட்டன. நம் கிணறுகளில் கொசுப்புழு தின்ன விட்ட கப்பியும் இதே இனம்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். தரம் பிரித்துக் கழித்த மீன்களை ஏரியிலோ, சங்கராபரணி ஆற்றிலோ, கோட்டைக்குள் இருக்கிற செட்டிக்குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். பாவம் பார்ப்பதாக நினைத்து விடுகிறார்கள். தொட்டி சுத்தம் செய்யும் 'சக்கர்' மீன் அப்படித்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பரவி, நாட்டு மீன் பிடிக்கிறவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. கழித்த மீனைக் குறைந்த விலைக்குக் கலவை மீனாக விற்கலாம், பள்ளிக்கூடத் தொட்டிக்குக் கொடுக்கலாம்.

என்ன செய்தோம்?

படம் அனுப்பிய வியாபாரியிடம் இரண்டு விஷயம் கேட்கச் சொன்னேன். இந்த மீனின் மூன்று மாதத்துக்கு முந்தைய படம், இதே பேட்ச்சில் பிறந்த மற்ற மீன்களின் படம். "ஸ்டாக் சீக்கிரம் முடிஞ்சிடும், அட்வான்ஸ் போடுங்க" என்பதுதான் பதிலாக வந்தது. அதோடு விட்டுவிட்டோம். வேறொரு வளர்ப்பாளர் உடன்பிறந்த மீன்களையெல்லாம் ஜாடி ஜாடியாகக் காட்டினார். அவரிடம் ஒரே ஒரு ஜோடியை 1,200 ரூபாய்க்கு வாங்கினோம். சங்கிலி அக்கா கழுத்திலேயே இருக்கிறது.

அவன் பொறுமைசாலி. ஒவ்வொரு ஜாடிக்கும் நம்பர் போட்டு, மாதம் ஒருமுறை வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்து, ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்தான். மூன்றாம் மாதம் நன்றாக இருந்த மீன்களில் ஆறாம் மாதம் அதே தரத்தில் நின்றவை பாதிக்கும் குறைவு. சில முழுக்க நீலமாகிவிட்டன. எதிர்பாராத விதமாக, கழிக்க வைத்திருந்த வெளுத்த மீன்கள் சிலவற்றில் நல்ல சிவப்பு ஏறியது. முப்பதாயிரம் போட்டிருந்தால் அவன் போட்ட ஒன்றரை லட்சக் கணக்கு பாதியில் நின்றிருக்கும், வட்டி மட்டும் நிற்காது. இப்போது விற்கும்போதே, "இது மார்பிள், நிறம் மாறும்" என்று சொல்லித்தான் கொடுக்கிறான். மாறுகிறதைப் பார்ப்பதற்காகவே வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது அவனுக்கு வியப்பு.

தாய்மீன் வாங்கும் முன்

ஒன்று, ஒற்றை மீனைப் பார்க்காதீர்கள். அதன் தாய் தகப்பன், உடன்பிறப்புகள், முடிந்தால் முந்தைய பேட்ச் குஞ்சுகளைப் பாருங்கள். பத்தில் எத்தனை ஒரே மாதிரி இருக்கிறது என்பதுதான் விலை.

இரண்டு, வாங்கிய மீனை உங்கள் தண்ணீரில், உங்கள் தீவனத்தில் இரண்டு மாதம் தனியே வைத்துப் பாருங்கள். சாயம், ஹார்மோன், தீவன நிறம் எல்லாம் பெரும்பாலும் அதற்குள் மங்கத் தொடங்கிவிடும்.

மூன்று, வகையைப் பிரித்து எதிர்பாருங்கள். அல்பினோ மாறாது. கோல்டு ஃபிஷ், கோய் வயதோடு மாறும். மார்பிள் மாறிக்கொண்டே இருக்கும்.

நான்கு, நிறத்துக்காகவே ஒரே குடும்பத்துக்குள் திரும்பத் திரும்பச் சேர்க்காதீர்கள். முதுகு வளைந்த குஞ்சும் குறைந்த எண்ணிக்கையும் வரத் தொடங்கும். அதே வகையில் வேறு குடும்ப மீனை இடையில் சேர்த்து, பிரிகிற நிறத்தை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். காலம் பிடிக்கும் வேலைதான்.

ஐந்து, உங்கள் தொட்டியிலேயே புது நிறத்தில் ஒரு குஞ்சு தென்பட்டால் உடனே விற்காதீர்கள். தண்ணீர், நோய் இரண்டையும் பார்த்துவிட்டு, ஆறு மாதம் படத்தோடு குறித்து வையுங்கள். பிறகு தாயோடும் உடன்பிறப்போடும் சேர்த்து, பேரக்குஞ்சில் அந்த நிறம் வருகிறதா பாருங்கள். வந்தால் அது உங்களுக்குக் கிடைத்த விதை.

நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் அலங்கார மீன் வளர்ப்புப் பயிற்சிகளை நடத்துகிறது. கடன் வாங்கும் முன் ஒரு பயிற்சிக்குப் போய்வாருங்கள், மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் மானியம் பற்றியும் கேளுங்கள். மீன் விற்கிறவர் அவசரப்படுத்தினால், நீங்கள் அவசரப்படாமல் உடன்பிறந்த மீன்களைக் காட்டச் சொல்லுங்கள்.